சதுரங்கப்பட்டினம் முதல் கடாரம் வரை

ஓர் ஊரின் வரலாறு அந்த ஊரிலேயே முழுமையாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. உள்நாட்டு ஊர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கடற்கரை ஊர்களுக்கோ பொருந்தாது. அவற்றின் வரலாற்றேட்டில் பாதி இக்கரையில் இருக்கும். மறுபாதி அக்கரையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிப் பொருள் விளங்காது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், கல்பாக்கத்தைத் தங்குமிடமாகக் கொண்டு சில நாட்களும், பின்னொரு சமயம் மலேசியாவில் கடாரத்திலும் பினாங்கிலும் சில நாட்களும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கங்குக் கண்டவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தபோது தோன்றிய சில எண்ணங்களை வாசக நேயர்களின் முன் வைக்கிறோம்.

கோயில்களைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் கருதக்கூடும். வழிபாட்டு முறை அவரவர்க்கு உரியது. வரலாறோ அனைவர்க்கும் பொது. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு நம் மறையும் பல இடங்களில் பணிக்கிறது. அந்த நோக்கிலேயே இவ்விடங்களை நாம் கண்டோம்.

பாலாற்றின் முகத்துவாரத்தில்

கல்பாக்கம் என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவுக்கு வருவது அணுமின் நிலையமே. 1984இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அந்நிலையத்தின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. ஆனால் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் தொன்மையை அவ்வூர்க்காரர்களிலும் பலர் அறியார்.

தெற்கே சிறிது தொலைவு சென்றால் பாலாறு கடலோடு கலக்கும் இடம் வருகிறது. அதன் அருகில் வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர். 1970ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும், செங்கல் தொட்டிகளும், உரோம நாட்டு மது வந்த கூர்முனைச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே இம்முகத்துவாரத்தில் அயல்நாட்டுச் சரக்கு இறங்கியது என்பதற்கு அவ்வோட்டுத் துண்டுகளே சான்று. அருகிலுள்ள வயலூரிலோ பல்லவன் இராசசிம்மன் காலத்துத் தூண் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவர் குலத்து அரசர்களின் பெயர்களை நீண்ட வரிசையாகத் தருவது அது. பல்லவர் வரலாற்றை எழுதுவோர் அதனைத் தொடாமற் செல்ல இயலாது.

கல்பாக்கம் நகரியத்தை அடுத்தே சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. ஆங்கிலேயர் சத்ராஸ் என்று சிதைத்து வழங்கிய ஊர் அதுவே. கடலைப் பார்த்தபடி அங்கே நிற்கும் செங்கற்கோட்டை டச்சுக்காரர் கட்டியது. நீண்ட பண்டகசாலைகளின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கோட்டைக்குள் ஒரு சிறு கல்லறைத் தோட்டம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கே மடிந்த டச்சுக்காரர்களின் பெயர்களும் நாட்களும் கனத்த கற்பலகைகளில் அழகுற வெட்டப்பட்டுள்ளன. மழையும் உப்புக் காற்றும் பல நூற்றாண்டுகள் உழன்றும் எழுத்துக்கள் பெரிதும் அழியவில்லை.

அந்தப் பண்டகசாலைகளில் அடுக்கி வைக்கப்பட்டவை துணிப் பொதிகள். இக்கரையின் சிற்றூர்களில் தமிழ் நெசவாளர் நெய்த துணியை வாங்கிக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றுவதே டச்சுக் கம்பெனியாரின் தொழில். மிளகு, கிராம்பு, சாதிக்காய் விளைந்த அந்நாடுகளில் மக்கள் வெள்ளியைவிட நம் நாட்டுத் துணியையே விரும்பி ஏற்றனர். ஆகவே துணி கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கி, அதனை ஐரோப்பாவில் விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். அத்துணியை நெய்தவர் பெயரோ, சாயம் தோய்த்தவர் பெயரோ, பொதி சுமந்து படகில் ஏற்றியவர் பெயரோ அக்கோட்டையில் எங்குமில்லை. கணக்கெழுதிய வெள்ளையர் பெயர்களே கல்லில் நிற்கின்றன. இது நம் சிந்தனையைத் தூண்டிய முதற் செய்தி.

கடல்மல்லையின் கற்கள்

வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம். இதன் பழம்பெயர் கடல்மல்லை. மாமல்லன் எனும் விருதுப் பெயருடைய முதலாம் நரசிம்மவர்மன் 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன். கடலோரக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவன். 1984ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இங்குள்ள சின்னங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஒற்றைக் கல்லில் குடைந்த இரதங்களும், பாறை முழுதும் உயிர்த்தெழுந்தாற் போன்ற பெருஞ்சிற்பமும் காண்போரைப் பேச்சற்று நிற்கச் செய்பவை. அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை. நாமும் விரித்துரைக்கப் போவதில்லை.

நம் கவனத்தை ஈர்த்தவை இரண்டு. முதலாவது, இது துறைமுகமாக விளங்கிய செய்தி. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடுகையில் செல்வங்களைச் சுமந்து கலங்கள் நிற்கும் துறையாகவே அதனைக் காட்டுகிறார். குன்றின் மேலுள்ள பல்லவர் காலத்துக் கற்றளியின் உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்த காலமும் உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து மணலை அரித்துச் சென்றபின், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டுக்கள் வெளிப்பட, இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்து, மணலுக்குள் மூழ்கிக் கிடந்த பழைய முருகன் கோயிலைக் கண்டெடுத்தனர். இக்கரையில் கடல் எத்தனை ஊர்களை மூடியும் திறந்தும் காட்டியிருக்கிறது என்பதை எண்ணும்போது மனிதன் எம்மாத்திரம் என்னும் எண்ணமே எழுகிறது.

இரண்டாவது, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் உள்ள பாறை. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான் என்பன போன்ற சில பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவர்கள் மாமல்லைப் பாறைகளைச் செதுக்கிய தச்சர்கள் என்று அறிஞர் கருதுவர். அரசனின் விருதுப் பெயர்கள் இரதத்தின் மீது அலங்காரமாய் அமைந்திருக்க, உளி பிடித்தவர் பெயர் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆயினும் கிடக்கிறதே, அது பெரிதன்றோ! தம் பெயரைத் தாமே வெட்டி வைத்ததனால் அவர்கள் இன்று நமக்குத் தெரிந்தவராயினர்.

ஒரே காலம், இரு சான்றுகள்

பல்லவர் துறைகளிலிருந்து கலமேறியவர் எங்குச் சென்றனர்? தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னும் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதற்கு விடை தருகிறது. அங்கே வெட்டப்பட்ட குளம் ஒன்றிற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, அதனை மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விட்ட செய்தியை அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர். மணிக்கிராமம் என்பது பெயர் பெற்ற வணிகக் குழு. வெளிநாடு சென்ற தமிழர் அங்கே முதலில் ஒரு குளம் வெட்டினர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தியாகும். தண்ணீர்தானே எவர்க்கும் முதல் தேவை!

அதே மணிக்கிராமத்தின் பெயர் அதே காலத்தில் மேலைக் கரையிலும் காணப்படுகிறது. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டுத் தலைவன் வழங்கிய உரிமைகளைக் கூறுவது. அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பில் மணிக்கிராமத்தாரும் அஞ்சுவண்ணத்தாரும் குறிக்கப்படுகின்றனர். அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகரின் குழு. யூதர், முஸ்லிம்கள் முதலியோர் அதனோடு தொடர்புடையோர் என்பது ஆய்வாளர் கருத்து. அச்செப்பேட்டின் இறுதியில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. அரபு மொழியில் கூஃபி எழுத்திலும், பாரசீகப் பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் அவை அமைந்துள்ளன. மைமூன் இப்னு இப்ராஹீம் எனும் முஸ்லிம் பெரியாரின் பெயர் அவற்றுள் ஒன்று. ஓர் இந்து அரசுத் தலைவன் கிறிஸ்தவப் பள்ளிக்கு ஈந்த கொடைக்கு முஸ்லிம்கள் சாட்சி நின்ற அக்காட்சியை இன்றைய தலைமுறைக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? கீழைக் கரையில் கோயிலையொட்டிக் குளம் காத்த குழுவும், மேலைக் கரையில் அஞ்சுவண்ணத்தாரோடு சேர்ந்து உரிமை காத்த குழுவும் ஒரே பெயருடையவை. கடல் வாணிகம் எல்லாச் சமயத்தாரும் கைகோத்து நடத்திய தொழில் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சுமத்திராத் தீவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஐந்நூற்றுவர் எனும் பெருங்குழுவினர் அங்கே கூடிச் செய்த முடிவை அது தெரிவிக்கிறது. கப்பல் தலைவர் கொடுக்க வேண்டிய பொன்னைக் கூறுமிடத்தில் மரக்கல நாயன் என்னும் சொல் வருகிறது. மரக்காயர் எனும் நம் மரபுப் பெயரும் மரக்கலத்தோடு தொடர்புடையதென்று கூறுவர். அச்சொல்லை அக்கல்வெட்டில் காணும்போது உறவினர் ஒருவரை அயலூரில் எதிர்ப்பட்டாற் போன்ற மகிழ்ச்சி தோன்றாதிருக்குமா?

கடாரத்தில்

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெராய் மலை கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். நம் மாலுமிகளுக்கு அம்மலையே அடையாளம். அதன் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழ்ந்தார். மெர்போக்கில் 1980ஆம் ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அருங்காட்சியகத்தை அடுத்த சரிவில், ஓடை ஓரத்தில் நிற்பது புக்கிட் பத்து பகாட் சண்டி. அந்நாட்டில் பழங்கோயிலைச் சண்டி என்பர். மாமல்லையைக் கண்ட கண்ணுக்கு அது சிறியது, சிற்பமும் அதிகமில்லை. கருவறைக்கு ஒரு மேடை, முன்மண்டபத்திற்கு ஒரு மேடை, தூண்கள் நின்ற கற்குழிகள் ஆகியவையே எஞ்சியுள்ளன. மேற்கூரை மரத்தாலானது, மழை மிகுந்த அந்நாட்டில் அது என்றோ மக்கிப் போயிற்று. தமிழகத்து அமைப்பை நினைவூட்டும் அடித்தளத்தின் மேல் மலாய் நாட்டு மரக்கட்டடம் நின்றிருக்கிறது. சென்றவர் தம்முடையதைக் கொடுத்தனர். அந்நாட்டாரும் அதனைத் தமக்கேற்ப மாற்றிக் கொண்டனர்.

அருங்காட்சியகத்துப் பேழைகளில் மணிகளும், சீனத்துப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அராபியரும் தமிழரும் சீனரும் ஒரே துறையில் இறங்கி ஏறியதை அவை காட்டுகின்றன. 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. அம்மண்ணின் மக்களும் தமக்கென்று தொழில் உடையோராய் இருந்தமை அதனால் துலங்கிற்று.

அருகிலுள்ள செபராங் பிறைப் பகுதியில் 1834ஆம் ஆண்டு கிடைத்த ஒரு கல்வெட்டையும் சொல்ல வேண்டும். புத்தகுப்தன் எனும் மாநாவிகன், அதாவது பெருங்கப்பற் தலைவன், தன் பயணம் நலமுற முடிய வேண்டி 5ஆம் நூற்றாண்டளவில் பொறிப்பித்தது அது. பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த மாலுமியின் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுதி வைத்ததன் பயன் அது.

எழுதி வைத்தது மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். 2013ஆம் ஆண்டு அப்பள்ளத்தாக்கில் பழஞ்சண்டி ஒன்றின் எச்சம் நிலத்தைச் சீர்செய்யும் பணியில் இடிக்கப்பட்டுவிட்டது என்னும் செய்தி வெளியாகி மலேசிய நாடெங்கும் வருத்தத்தையும் கண்டனத்தையும் எழுப்பிற்று. வருந்தியவருள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். பல நூற்றாண்டு மழைக்குத் தப்பியது ஓர் எந்திரத்தின் சிறிது நேர வேலைக்குத் தப்பவில்லை.

பினாங்கு நகரத்தில்

சோழர்க்குப் பின் கடாரத்தோடு தொடர்பு அறுந்துவிடவில்லை. 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர். 1641இல் டச்சுக்காரர் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான் மலாக்காவிலும் அமர்ந்து, பிறர் கலங்கள் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும் என்று தடை விதித்தது. அதனால் பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் முதலிய துறைகளின் தமிழ் முஸ்லிம் வணிகர் அச்சேயையும் கடாரத்தையும் நாடினர். அங்கிருந்த சுல்தான்கள் அவர்களை வரவேற்றுத் தம் வாணிக அலுவலராகவும் அமர்த்தினர். ஐரோப்பியர் ஏடுகள் இவர்களைச் சூலியாக்கள் என்று குறிக்கின்றன. சோழ நாட்டார் என்பதன் திரிபே அப்பெயர் என்பர்.

1786இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் குடியேற்றம் அமைத்தார். கடாரத்திலிருந்த சூலியாக்களில் பலரும், சோழமண்டலக் கரையிலிருந்து புதிதாகச் சென்றோரும் அங்கே கடை திறந்தனர். அந்நகரின் சூலியாத் தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த நிலத்தில் காதிர் முகைதீன் மரக்காயர் தலைமையில் எழுந்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்று நாம் காணும் கவிமாடமும் மினாராவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கியபோது அமைந்தவை. அங்குள்ள குடும்பங்களில் மெரிக்கான் என்று வழங்கும் பட்டப்பெயர் நம் மரக்காயரே.

அந்நகரில் நாம் கழித்த நாட்களில் காலையும் மாலையும் நடந்தே சுற்றினோம். ஒரே நெடுந்தெருவையும் அதன் பக்கத் தெருக்களையும் ஒட்டிக் கிறிஸ்தவ தேவாலயமும், சீனர் கோயிலும், மாரியம்மன் கோயிலும், நம் பள்ளிவாசலும் சில நிமிட நடைக்குள் அமைந்திருக்கின்றன. சூலியாத் தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா. நாகூர்க் கரையை விட்டுப் பிரிந்தோர் அதன் நினைவை உடன் கொண்டு சென்றனர். 2008இல் மலாக்காவோடு சேர்த்து இந்நகரும் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தொழுகைக்கு வரும் மலாய்ப் பெரியோர் கட்டிய கட்டம் போட்ட கைலியை அங்கே 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடே! டச்சுக்காரர் சோழமண்டலக் கரையில் முதலில் தலைமை இடமாகக் கொண்ட பழவேற்காட்டிலிருந்து சென்ற துணிக்கு வந்த பெயர் துணியோடு ஒட்டிக் கொண்டது. கப்பலைக் காப்பால் என்றும், கடையைக் கெடாய் என்றும், பெட்டியைப் பெத்தி என்றும், கட்டிலைக் காத்தில் என்றும் அவர்கள் சொல்லக் கேட்கும்போது, நம் மாலுமியும் வணிகனும் அங்கு விட்டு வந்த சொற்கள் இவை என்பது தெளிவாகிறது. நெய்தவன் பெயர் கோட்டையில் இல்லை என்று வருந்தினோம். அவனுடைய ஊரின் பெயர் ஓர் அயல்மொழியில் அன்றாடம் ஒலிக்கிறது.

1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கையால், இந்தியாவில் டச்சுக்காரர் வைத்திருந்த இடங்களும் மலாக்காவும் ஒருங்கே ஆங்கிலேயர் கைக்கு மாறின. சதுரங்கப்பட்டினமும் மலாக்காவும் ஒரே காகிதத்தில் கைமாறியவை. அக்கரையும் இக்கரையும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்று தொடக்கத்தில் கூறியது இதனால் மேலும் வலுப்பெறுகிறது.

நம் வீட்டுப் பெட்டகங்கள்

இத்தனை இடங்களையும் கண்டபின் ஒன்று நன்கு விளங்கியது. அரசன் பெயர் எப்படியும் நின்றுவிடும். மற்றவருள் பெயரைப் பதித்தவரும், அப்பதிவைக் காக்க ஆள் இருந்தவருமே வரலாற்றில் நின்றனர். பூஞ்சேரித் தச்சரும், மாலுமி புத்தகுப்தனும், செப்பேட்டில் ஒப்பமிட்ட மைமூன் இப்னு இப்ராஹீமும் அவ்வாறு நின்றவர்கள். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887 முதல் நடத்திய 'சிங்கை நேசன்' இதழ் பாதுகாக்கப்பட்டதால், அக்காலச் சபுராளிகளின் வாழ்வு இன்று படிக்கக் கிடைக்கிறது.

மற்றச் சபுராளிகளின் நிலை என்ன? அக்கரை சென்ற நம் பாட்டனாரும் பூட்டனாரும் வீட்டிற்கு எழுதிய கடிதங்களில் பல அரபுத் தமிழில் அமைந்தவை. அவர்களின் கடைக் கணக்குகள், கப்பல் சீட்டுகள், பங்காளி ஒப்பந்தங்கள், ஜமாஅத்தின் நிக்காஹ் ஏடுகள் ஆகியன இன்றும் பல இல்லங்களின் பெட்டகங்களிலும் பள்ளிவாசல்களின் அலமாரிகளிலும் உறங்குகின்றன. அரபுத் தமிழைப் படிக்கக் கற்றவர்கள் பெரும்பாலும் முதியோரே. பேரப் பிள்ளைகள் அவ்வெழுத்தைக் கண்டு ஓதும் ஏடென்று கண்ணில் ஒற்றி வைப்பர், அல்லது பழந்தாள் என்று கடலில் விடுவர். இரு வழியிலும் அது படிக்கப்படாமலே போகிறது. மையவாடிகளில் பழைய மீஸான் கற்கள் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கின்றன. டச்சுக்காரரின் கல்லறையை அரசு காக்கிறது. நம் முன்னோரின் கல்லை நாமன்றி யார் காப்பர்?

செய்ய வேண்டுவன அரியனவல்ல. வீட்டிலுள்ள பெரியவரை அருகில் அமர்த்தி ஒரு கடிதத்தையேனும் படிக்கச் சொல்லித் தமிழெழுத்தில் பெயர்த்து வைத்துக் கொள்ளலாம். பெயர், ஊர், ஆண்டு, யார் யாருக்கு எழுதியது என்பதைக் குறித்துப் படமும் எடுத்து வைக்கலாம். மீஸான் கற்களைச் சுண்ணாம்பு பூசி மறைக்குமுன் அவற்றின் வாசகத்தைப் படியெடுக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் பழைய ஏடுகளைப் படம்பிடித்துப் பாதுகாக்கும் முறையறிந்தவை. அவற்றின் துணையை நாடலாம். விடுமுறையில் பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கும் மாமல்லைக்கும் அழைத்துச் சென்று, இங்கிருந்து புறப்பட்ட கலங்கள் எங்குச் சேர்ந்தன என்று சொல்லிக் கொடுக்கலாம்.

கல்லில் எழுதிய எழுத்து நூற்றாண்டுகள் பல காத்திருக்கும். காகிதத்தில் எழுதியது அவ்வளவு காலம் காத்திராது. பெட்டகத்தில் கறையான் புகுமுன் அதனைத் திறந்து பார்ப்பது நம் ஒவ்வொருவர் கடமையாகும். அதற்கான ஆர்வத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் இளைய தலைமுறைக்கு அருள்வானாக.